பேரிங் போன இன்ஜினில் பழைய லிஃப்டரைத் திரும்பப் போடலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் கார், புஷ்ராட் (வால்வைத் தள்ளும் கம்பி) வகை இன்ஜின். ஆயில் இல்லாமல் ஓடியதில் ஒரு பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடத்துப் பேரிங்) உருகி, கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, கீறிவிட்டது. இன்ஜினை முழுசாகப் பிரித்தாயிற்று. வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட் புதிதாக வாங்கிவிட்டேன். கேமின் அசைவை வாங்கிப் புஷ்ராடைத் தள்ளும் 12 ஹைட்ராலிக் லிஃப்டர்களும் பார்க்க நன்றாகவே இருக்கின்றன. மண்ணெண்ணெயில் கழுவிப் போட்டால் போதும் என்கிறார் மெக்கானிக். கழற்றும்போது எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டோம். என்ன செய்யலாம்?

பதில்: போடாதீர்கள். உங்கள் மெக்கானிக் சொல்வது சில இன்ஜினுக்குச் சரிவரலாம், உங்கள் இன்ஜினுக்குத் தவறு.

பேரிங் உருகினால் அந்த உலோகத் துகள் ஆயிலோடு கலந்து இன்ஜின் முழுக்கச் சுற்றும். ஃபில்டர் பிடித்துவிடாதா என்று கேட்கலாம். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் பட்டினி கிடக்கக்கூடாது என்பதற்காக ஒரு பைபாஸ் வால்வு வைத்திருக்கிறார்கள். அது திறந்ததும் வடிகட்டாத ஆயில் நேராகக் கேலரிக்கு, அதாவது பிளாக்குக்குள் இருக்கும் ஆயில் பாதைக்குப் போகிறது, அங்கிருந்து லிஃப்டருக்குள் போகிறது. ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் மேலும் கீழும் நகரும் ஒரு சின்ன உருளை, அதுதான் பிளஞ்சர்; அதன் அடியில் ஆயிலை ஒரு பக்கமாக மட்டும் விடும், சின்ன ஸ்பிரிங்கோடு ஒரு செக் வால்வு. பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான். அங்கே ஒரு துகள் மாட்டினால் பிளஞ்சர் இறுகும். செக் வால்வில் மாட்டினால் உள்ளே ஆயில் நிற்காமல் டிக் டிக் என்று சத்தம் வரும். வெளியே பளபளப்பாக இருப்பதை வைத்து இதையெல்லாம் சொல்ல முடியாது. முழு லிஃப்டரை மண்ணெண்ணெயில் முக்கி எடுத்தாலும் உள்ளே கிடப்பது உள்ளேயேதான் கிடக்கும்.

பிரித்துச் சுத்தம் செய்ய முடியும். மேலே இருக்கும் கிளிப்பை எடுத்துவிட்டுப் பிளஞ்சரை உருவ வேண்டும். ஒரு லிஃப்டரின் பிளஞ்சர் இன்னொன்றின் கூட்டுக்குள் போகக்கூடாது, இரண்டும் ஜோடி பார்த்துப் பொருத்தியவை. நானும் ஒருமுறை பிடிவாதமாக ஒரு செட்டைப் பிரித்தேன். வெள்ளைத் துணியில் துடைத்தால் ஜரிகைத் தூள் மாதிரி மினுங்கியது. கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது. கடைசியில் புதுசுதான் வாங்கினேன், ஒரு நாள் வேலை போனதுதான் மிச்சம்.

சரி, துகளை விடுங்கள். உங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உங்களுடையது போன்ற பழைய இன்ஜினில் இருப்பதற்குத் தட்டை அடி லிஃப்டர் என்று பெயர், ஆனால் அதன் அடிப்பக்கம் உண்மையில் தட்டை இல்லை. நடுவில் மிக லேசாகப் புடைத்திருக்கும். கேம் லோபும், அதாவது லிஃப்டரைத் தள்ளும் கேம்ஷாஃப்டின் புடைப்பும், ஒரு பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் லிஃப்டரைச் சுழல வைக்கின்றன. சுழல்வதால்தான் தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் பரவுகிறது. ஓட ஓட ஒவ்வொரு லிஃப்டரும் தன் லோபுக்கு ஏற்றபடி தேய்ந்து பழகிவிடும். அதனால் பழைய கேமைத் திரும்பப் போடுகிறீர்கள், துகளும் சேதமும் இல்லை என்றால் பழைய லிஃப்டர்களையும் போடலாம், எது எந்த லோபில் இருந்ததோ அதே இடத்தில். ஒரே டப்பாவில் போட்டதும் அந்த வரிசை போய்விட்டது. புதுக் கேமோடு பழைய தட்டை அடி லிஃப்டர் எப்போதுமே கூடாது, வரிசை தெரிந்திருந்தாலும் கூடாது. புது லோபைச் சில மணி நேரத்திலேயே தின்றுவிடும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு லிஃப்டரின் பக்கவாட்டை ஸ்கேல் மாதிரி இன்னொன்றின் அடிப்பக்கத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நல்லதாக இருந்தால் நடுவில் தொட்டு ஓரங்களில் வெளிச்சம் கசியும். ஓரங்களில் தொட்டு நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழிந்துவிட்டது, குப்பைக்குத்தான்.

அடியில் சின்ன உருளைச் சக்கரம் உள்ள ரோலர் லிஃப்டர் என்றால் கதை வேறு. அது உருளுவதால் லோபோடு அப்படிப் பழகுவதில்லை, நல்ல நிலையில் இருந்தால் புதுக் கேமோடும் போடலாம். ரோலரில் புள்ளிக் குழி, ஆட்டம், சுற்றும்போது சொரசொரப்பு இருக்கக்கூடாது. ஆனால் பேரிங் போன இன்ஜினிலிருந்து வந்தது என்றால் அதன் ஊசி பேரிங்குக்குள்ளும் துகள் போயிருக்கும். நான் அதையும் மாற்றத்தான் சொல்வேன். ஓவர்ஹெட் கேம் இன்ஜினில் (கேம் ஹெட்டிலேயே இருக்கும் வகை) ஆயில் புகாத கிண்ண வடிவ டேப்பட் இருந்தால் கீறல், விரிசல் பார்த்து அதே இடத்தில் போடலாம். வால்வு கிரைண்ட் செய்தபின் கேமுக்கும் டேப்பட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி குறையும், அளந்து சரிசெய்ய வேண்டும்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். கேலரி பிளக்குகளைக் கழற்றி நீளப் பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஆயில் கூலர் இருந்தால் மாற்றிவிடுங்கள், அதைச் சுத்தம் செய்வது நடக்காத காரியம். அழுக்கு அங்கேயே இருந்தால் புது லிஃப்டரும் பழையதுபோல ஆகிவிடும். புதிய லிஃப்டர் ஆயில் தடவியதும் அதன் துளைக்குள் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும், விரலால் திருப்பினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஹெட்டையோ பிளாக்கையோ மட்டம் இழைத்திருந்தால் புஷ்ராட் நீளத்தையும் பாருங்கள், பிளஞ்சர் அழுந்தும் அளவு மாறியிருக்கும். கேம் லோபிலும் லிஃப்டர் அடியிலும் கேமுடன் வரும் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் பம்பைத் தனியாகச் சுற்றி அழுத்தம் ஏற்றுங்கள். துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள பிரேக்-இன் ஆயில் (புதுப் பாகங்கள் பழகுவதற்கான ஆயில்) போடுங்கள். இன்ஜின் பிடித்ததும் ஐடிலில் விடக்கூடாது. 2000 முதல் 2500 ஆர்பிஎம் வரை ஏற்றி இறக்கி 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். ஐடிலில் லோபுக்குத் தெறிக்கும் ஆயில் போதாது, புதுக் கேம் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த முதல் சில நிமிடங்களில்தான். அப்புறம் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கழற்றிய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்து ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். கொஞ்சம் சாம்பல் நிறப் பூச்சு வருவது சகஜம். கண்ணுக்குத் தெரியும் சில்லுகள் காந்தத்தில் ஒட்டினால் மேற்கொண்டு ஓட்டாமல் லோபுகளைப் பாருங்கள்.