ஊட்டியில் வாங்கிய எச்செவேரியா சென்னையில் ஏன் அழுகுகிறது?

கேள்வி: அக்கா, ஊட்டியிலிருந்து வாங்கி வந்த எச்செவேரியா என்ற சதைப்பற்றுச் செடி, இலை அடுக்கில் தாமரை மாதிரி இருந்தது. வேளச்சேரி மொட்டை மாடியில் இரண்டே மாதம், அடி இலைகள் கண்ணாடி போலாகி உதிர்கின்றன. தினமும் தண்ணீர் விடுகிறேனே?

பதில்: அந்த 'தினமும்'தான் வினை. தாகம் எடுத்த இலை சுருங்கும். தண்ணீர் மிஞ்சிய இலைதான் இப்படிக் கொழகொழக்கும். அடியில் ஒன்றிரண்டு இலை சருகாகக் காய்வது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

எச்செவேரியா பெரும்பாலும் மெக்சிகோவின் மலைச் செடி. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். சென்னையில் மே மாத இரவும் 27, 28 டிகிரி. செடி ஏறக்குறைய தூங்கிவிடும், விட்ட தண்ணீர் வேரிலேயே தேங்கும். உடனே பிடுங்குங்கள். தண்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே கறுப்பு இருந்தால் சுத்தமான பச்சை தெரியும்வரை வெட்டுங்கள். நிழலில் நாலைந்து நாள் காயவிட்டு, உலர்ந்த மண்ணில் வையுங்கள். அப்புறம் ஒரு வாரத்துக்குத் தண்ணீர் கிடையாது.

கேள்வி: நர்சரியில் தந்த தென்னை நார்க் கழிவிலேயே விடலாமா?

பதில்: வேண்டாம், மழைக்காலத்தில் பஞ்சு மாதிரி ஊறி நிற்கும். நான் போடுவது செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, உடைத்த செங்கல் துண்டு இரண்டு பங்கு. தொட்டியில் துளை கட்டாயம். டீக் கப்பில் நட்டுப் படம் போடுகிறவர்களை நம்பாதீர்கள்!

கேள்வி: இலையில் வெள்ளைப் பொடி. பூஞ்சை என்று துடைத்துவிட்டேன்.

பதில்: அடடா, அது வெயிலைத் தாங்க செடியே பூசிக்கொண்ட மெழுகு. துடைத்த இடத்தில் திரும்ப வராது. புது இலையில் வரும். இலை இடுக்கில் பஞ்சுப் பிசிறாக இருந்தால் மட்டும் மாவுப்பூச்சி. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

கேள்வி: ஹாலில் வைத்த செடி நெட்டையாக வளர்கிறது, மேடம்.

பதில்: வெளிச்சம் போதவில்லை. நீண்ட தண்டு திரும்பக் குட்டையாகாது. தலையை வெட்டி நடுங்கள். மிச்சத் தண்டிலும் கன்று வெடிக்கும்.

கேள்வி: சரி, இந்த மாதிரி தாமரை அடுக்குச் செடிகளில் சென்னைக்கு எதுதான் தாங்கும்?

பதில்: கிராப்டோபெட்டலம் பராகுவாயென்ஸ். பெயரில்தான் பராகுவே, சொந்த ஊர் மெக்சிகோ. வெயிலுக்கு அசராது. பால்கனி நிழலுக்குத் தென்னாப்பிரிக்க ஹாவொர்த்தியா. செம்பர்விவம் ஐரோப்பிய மலைக் குளிரில் வாழ்வது, இங்கே காசுக்குக் கேடு. ஒன்றுமே வேண்டாமென்றால் கொல்லையில் இருக்கும் சோற்றுக் கற்றாழையை மேலிருந்து பாருங்கள், அதுவும் இதே அடுக்குதான்.