மூலக்கூறு படுக்கவேண்டுமா, நிற்கவேண்டுமா? ஆர்கானிக் சோலார் செல் கேள்வி பதில்

பாலிடெக்னிக் மாணவர், ஜூரோங்: அக்கா, ஃபேஸ்-ஆன், எட்ஜ்-ஆன் என்கிறார்களே, அது ஏன் அவ்வளவு முக்கியம்?

தம்பி, முதலில் மின்சாரம் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று பாருங்கள். ஆர்கானிக், அதாவது கரிமப் பொருளால் ஆன சோலார் செல்லில் ஒரு மின்முனை கீழே, ஒன்று மேலே. நடுவில் சுமார் 100 நானோமீட்டர் படலம். மின்னூட்டம் அதைச் செங்குத்தாகக் கடக்கவேண்டும். தட்டையான மூலக்கூறுகள் முகத்தோடு முகம் அடுக்காக அமைந்தால் இடைவெளி 3.5 முதல் 3.8 ஆங்ஸ்ட்ராம்தான். அந்தத் திசையில் மின்னூட்டம் சுலபமாகத் தாவும். மூலக்கூறு கண்ணாடிமேல் படுத்திருந்தால் அது ஃபேஸ்-ஆன். அடுக்கின் திசை செங்குத்தாகிவிடும். விளிம்பில் நின்றால் எட்ஜ்-ஆன். அப்போது மின்கடத்தாத ஆல்கைல் பக்கச்சங்கிலிகள் வழியை மறிக்கும். படுத்திருக்கும் மூலக்கூறு நேராக விழும் வெளிச்சத்தையும் நன்றாக உறிஞ்சும்.

கிளமெண்டி வாசகர்: 1999இல் நேச்சர் ஆய்விதழில் வந்த பி3எச்டி (மின்கடத்தும் ஒருவகைப் பாலிமர்) ஆய்வில் எட்ஜ்-ஆன் படலம் 100 மடங்குக்கும் மேல் வேகம் காட்டியதே? நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்கள்.

அது டிரான்சிஸ்டர். அதில் மின்சாரம் பக்கவாட்டில் ஓடும். எட்ஜ்-ஆனில் அடுக்கின் திசையும் பக்கவாட்டுதான். அதனால் அந்த ஆய்வு என் பக்கம்தான் பேசுகிறது.

ஈசூன் வாசகி: எது நல்லது, ஃபேஸ்-ஆனா எட்ஜ்-ஆனா?

மேலே முதல் பதில்.

கிளமெண்டி வாசகர், மறுபடி: சரி, எட்ஜ்-ஆனாக நிற்கும் அதே பி3எச்டி சோலார் செல்லில் 4 விழுக்காட்டுக்கு மேல் தந்தது எப்படி?

இதைத்தான் கேட்கவேண்டும். படலம் முழுவதும் படிகம் இல்லை. ஒழுங்கற்ற பகுதிகளும் சாய்ந்து கிடக்கும் சிறு படிகங்களும் மின்னூட்டத்துக்கு மாற்று வழி தருகின்றன. அதோடு, மின்னூட்டம் பிரியும் இடம் டோனரும் (எலக்ட்ரானைத் தரும் பொருள்) அக்செப்டரும் (அதை வாங்கும் பொருள்) தொடும் எல்லை. எக்சிட்டான், அதாவது வெளிச்சம் பட்டதும் உருவாகும் எலக்ட்ரான்-துளை ஜோடி, 10 நானோமீட்டர் அளவுக்குத்தான் நகரும். அதற்குள் எல்லை வராவிட்டால் எந்த நிலையில் அடுக்கியும் பயனில்லை. எல்லையில் இரண்டும் முகம் பார்த்து நிற்கின்றனவா என்பதும் கணக்கில் வரும். ஆகவே எச்சரிக்கிறேன்: ஜீவாக்ஸ் (மூலக்கூறு எப்படி அடுக்கியிருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே சோதனை) படத்தில் தெரிவது படிகப் பகுதி மட்டும். அந்த ஒரு படத்தை வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

ஆய்வு மாணவி, கெண்ட் ரிட்ஜ்: ஒய்6 என்ற அக்செப்டர் சேர்ந்த கலவையில் ஜீவாக்ஸ் எடுத்தேன், ஃபேஸ்-ஆன்தான். செயல்திறன் குறைவு. ஏன்?

மறுபடியும் அதே எச்சரிக்கை, படிகப் பகுதி மட்டும்! டோனரும் அக்செப்டரும் எந்த அளவில் பிரிந்திருக்கின்றன என்று பாருங்கள். குளோரோநாப்தலீன் என்ற சேர்மானத்தின் அளவையும் அனீலிங் (படலத்தைச் சூடாக்கிப் பதப்படுத்துதல்) வெப்பத்தையும் தனித்தனியாக மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

செங்காங் வாசகர்: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் கூரைக்கு இது எப்போது வரும்?

கூரையில் இருப்பவை சிலிக்கான். ஆர்கானிக் ஆய்வுக்கூடத்தில் 20 விழுக்காட்டை எட்டியிருக்கிறது, ஆனால் மிகச் சிறிய செல்லில். நம் சிங்கப்பூர் வெப்பமும் ஈரப்பதமும் அதற்குப் பெரிய சோதனை. மின்கட்டணம் குறையுமா என்பதை உங்கள் நகரமன்றத்திடம் கேளுங்கள்.

தெம்பனிஸ் வாசகர்: ஃபேஸ்-ஆனா எட்ஜ்-ஆனா?

முதல் பதில், ஐயா. அப்புறம் கிளமெண்டி வாசகரின் இரண்டாவது கேள்வியையும் படியுங்கள்.