விலை குறைந்த நீருக்கடிக் கேமராவை ஸ்கூபா முக்குளிப்புக்குப் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். அந்தமானிலும் புதுச்சேரியிலும் திருகோணமலையிலும் பல ஆண்டுகளாக விலை குறைந்த கேமராவைக் கொண்டே படம் எடுத்துவருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஓப்பன் வாட்டர் என்னும் தொடக்கநிலை ஸ்கூபா பயிற்சியை முடித்துவிட்டு அதே பயணத்தில் மேலும் சில முறை மூழ்கவிருப்பதாகவும், பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு கேமரா வாங்கினால் அது உண்மையில் பயன்படுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீருக்கடியில் ஒரு படத்தின் தரத்தைக் கேமராவின் விலையைவிட அதிகமாகத் தீர்மானிப்பது, லென்சுக்கும் எதிரே உள்ள பொருளுக்கும் இடையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதே. அந்தத் தண்ணீரைக் குறைக்கக் கற்றுக்கொண்டவர் கையில் எளிய கேமராவும் நல்ல படம் தரும்.

வாங்குவதற்கு முன் பார்க்கவேண்டியது ஆழ எல்லை. கடல்நீரில் 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. ஓப்பன் வாட்டர் சான்றிதழின் எல்லையான 18 மீட்டரில், 5 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் கொண்ட கண்ணாடியின் மீது வெளியிலிருந்து விழும் நிகர விசை ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமம். ‘வாட்டர்புரூஃப்’ என்று விற்கப்படும் சிறிய கேமராக்கள் பலவற்றின் எல்லை இந்த 18 மீட்டரைவிடக் குறைவு என்பதை வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நீருக்கடிப் படங்களுக்குப் பேர்பெற்ற ஒலிம்பஸ் டிஜி-6 கேமராவே நீர் புகாத தனி உறை இல்லாமல் 15 மீட்டர் வரைதான் தாங்கும்; கோப்ரோ ஹீரோ 12 உறையின்றி 10 மீட்டரும் அதற்குரிய உறையுடன் 60 மீட்டரும் தாங்கும்; நிக்கான் கூல்பிக்ஸ் டபிள்யூ300 உறையின்றியே 30 மீட்டர் தாங்கும். எல்லையைத் தாண்டியவுடன் கேமரா உடைந்துவிடும் என்பதில்லை. பெரும்பாலும் முதலில் பொத்தான்கள் அழுத்தத்தால் தாமாகவே உள்ளே அமுங்கி நின்றுவிடும். அதன் பிறகு பேட்டரிக் கதவின் விளிம்பில் கசிவு தொடங்கும். ஆகவே இறங்கவிருக்கும் ஆழத்தைவிடக் குறைந்தது பத்து மீட்டராவது கூடுதலான எல்லை உள்ள கேமராவை மட்டும் வாங்குங்கள். ஹேவ்லாக்கில் பயிற்சி நடக்கும் நீமோ ரீஃப் போன்ற இடங்களில் ஆழம் குறைவு என்றாலும், பின்னாளில் டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற ஆழமான இடங்களுக்கும் செல்ல நீங்கள் விரும்பக்கூடும்.

கைப்பேசியை நெகிழிப் பையில் போட்டு எடுத்துச் செல்லலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஸ்கூபாவுக்கு அது கூடவே கூடாது. பையினுள் இருக்கும் காற்று 10 மீட்டர் ஆழத்தில் பாதிக் கன அளவாகச் சுருங்கிவிடும். பை திரையோடு ஒட்டி அழுத்த, திரை தொடர்ந்து தொடப்படுவதாகக் கைப்பேசி எடுத்துக்கொள்ளும். கைப்பேசியின் நீர்காப்பைக் குறிக்கும் ஐபி68 தரக்குறியீடும் சில மீட்டர் நன்னீரைக் கருதி வழங்கப்படுவதே தவிர, கடல்நீரைக் கருதி அன்று.

உங்கள் தொகைக்கு மிகவும் ஏற்றது, தனிக் கடின உறையுடன் வரும், கோப்ரோ போன்ற சிறிய ஆக்‌ஷன் கேமரா என்பது என் கருத்து. எஸ்ஜேகேம், அகாசோ போன்ற நிறுவனங்களின் மாதிரிகள் பலவும் 30 மீட்டர் அல்லது அதற்கு மேல் தாங்கும் உறையுடன் கிடைக்கின்றன. இந்த உறையின் நம்பகத்தன்மை முழுவதும் அதன் கதவைச் சுற்றியுள்ள ஓ-ரிங் என்னும் மெல்லிய ரப்பர் வளையத்தைப் பொறுத்தது. ஒரு தலைமுடியோ ஒரு மணல் துகளோ அதன் மீது கிடந்தால் போதும், நீர் உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு முறையும் உறையை மூடும் முன் நல்ல வெளிச்சத்தில் வளையத்தைச் சுற்றிலும் பாருங்கள். சுத்தமான விரலால் தடவிப் பாருங்கள். அது அமரும் பள்ளத்தையும் இழை உதிராத துணியால் துடையுங்கள். சிலிக்கோன் கிரீஸைப் பொறுத்தவரை தயாரிப்பாளர் பூசச் சொல்லியிருந்தால் மட்டும், வளையம் லேசாகப் பளபளக்கும் அளவுக்குப் பூசுங்கள். அதிகமாகப் பூசினால் அதுவே மணலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே பலருக்கும் வியப்பளிக்கும் ஒரு செய்தி உண்டு. ஆழ எல்லைக்குள் இருக்கும்வரை கசிவு பெரும்பாலும் ஆழத்தில் நிகழ்வதில்லை. ஆழத்தில் நீரின் அழுத்தமே கதவை வளையத்தின் மீது இறுக்கி அழுத்துகிறது. மேற்பரப்பிலும் படகில் வைத்திருக்கும் கழுவும் தொட்டியிலும் அந்த உதவி இல்லை. பல கேமராக்கள் ஒன்றோடொன்று மோதும் தொட்டியில் கொக்கி சற்றே நெகிழ்ந்து, அன்று முழுவதும் ஆழத்தில் சிக்கலின்றி வேலை செய்த கேமரா அங்கே நனைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். புதிய உறை வந்ததும் கேமராவை வைக்காமல், உள்ளே ஒரு டிஷ்யூ காகிதத்தை மட்டும் வைத்து மூடி, ஊரிலேயே ஒரு வாளி நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்திச் சோதியுங்கள். பின்னர் பயிற்சி முடிந்த பிறகான உங்கள் முதல் முக்குளிப்பிலும் அதே காகிதத்துடன் வெறும் உறையைக் கொண்டுசென்று பார்ப்பது இன்னும் நல்லது.

இனி, படம் ஏன் எப்போதும் நீலமாக வருகிறது என்ற கேள்வி. தண்ணீர் ஒளியைச் சமமாக உறிஞ்சுவதில்லை. முதலில் சிவப்பை எடுத்துக்கொள்கிறது, பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். ஐந்தாறு மீட்டரிலேயே சிவப்பு பெருமளவு மறைந்துவிடுகிறது. சூரியனிலிருந்து பவளத்துக்கு வரும் தொலைவு மட்டுமல்லாமல், பவளத்திலிருந்து உங்கள் லென்சுக்கு வரும் தொலைவும் இதில் சேரும். 8 மீட்டர் ஆழத்தில் உள்ள ஒரு மீனை 4 மீட்டர் தள்ளி நின்று படமெடுத்தால், அந்த ஒளி ஏறத்தாழ 12 மீட்டர் தண்ணீரைக் கடந்து வருகிறது. தொலைவைக் குறைப்பதே நல்ல படத்துக்கான முதல் வழி என்று சொல்வதற்கு இதுவே காரணம். அந்தமானின் தெளிந்த நீல நீரில் 5 முதல் 15 மீட்டர் வரை லென்சின் முன் மாட்டும் சிவப்பு ஃபில்டர் ஓரளவு உதவும்; மிதவையுயிர்கள் மிகுந்து பல நாட்களில் பச்சையாகத் தெரியும் புதுச்சேரிக் கடலுக்கு மெஜந்தா ஃபில்டர் பொருத்தம். ஃபில்டரைப் போட்டுக்கொண்டே டார்ச்சைப் பயன்படுத்தினால் அருகில் உள்ளவை செக்கச்செவேலென்று ஆகிவிடும்; இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பின்னர் கணினியில் நிறத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று முழுவதுமாக நம்பவும் வேண்டாம். 20 மீட்டரில் பதிவாகாத சிவப்பை எந்த மென்பொருளாலும் மீட்டுத்தர முடியாது.

சிறிய கேமராவில் உள்ளிணைந்த ஃபிளாஷ் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். மார்கழி மூடுபனியில் வண்டியின் ஹெட்லைட்டை ஹை பீமில் வைத்தால் எதிரே வெண்மை மட்டுமே தெரிவதுபோல, லென்சுக்கு அருகிலிருந்து பாயும் ஒளி நீரில் மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பிப் படம் முழுவதும் வெண்புள்ளிகளாக விழும். அதற்குப் பதிலாகக் கைக்கு அடக்கமான நீருக்கடி டார்ச் ஒன்றைக் கேமராவிலிருந்து ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். அரை மீட்டர் தொலைவில் அந்த ஒளி விழும் கணத்தில், அதுவரை சாம்பலாகத் தெரிந்த பவளம் தன் உண்மையான சிவப்பையும் ஊதாவையும் காட்டும். ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறையும் காட்சி அது.

கண்ணுக்கே தண்ணீர் ஏமாற்றம் தருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒளிவிலகலால் முகக்கண்ணாடி வழியே பார்க்கும்போது பொருட்கள் உண்மையான தொலைவில் முக்கால் பங்கிலேயே இருப்பதுபோல் தோன்றும். போதுமான அளவு நெருங்கிவிட்டோம் என்று தோன்றும் இடத்திலிருந்து இன்னும் சற்று நெருங்கவேண்டும் என்பதே இதன் பொருள். கடலாமை, சுறா போன்ற பெரியவற்றைத் துரத்தி நெருங்க முடியாது, துரத்தவும் கூடாது. இடம் மாறாத கடல் அனிமோனும் அதில் குடியிருக்கும் கோமாளி மீனும் புதியவர்களுக்கு மிகவும் ஏற்றவை. அவற்றுக்குச் சற்றுக் கீழிருந்து, சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்குமாறு, மேல்நோக்கி எடுத்துப்பாருங்கள். திருகோணமலைக்கு அருகே உள்ள புறாத்தீவு போன்ற ஆழங்குறைந்த திட்டுகளில், காற்று ஓய்ந்த நாளின் நண்பகல் வெயிலில், எந்த விளக்கும் இல்லாமலே எளிய கேமரா வியக்கத்தக்க படங்களைத் தரும்.

அமைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீருக்கடி முறை இருந்தால் அதில் வையுங்கள். மலிவான கேமராக்கள் பலவற்றின் ‘4கே’ வீடியோ தெளிவுத்திறன் உண்மையான 4கே அன்று என்பதால், வீடியோவுக்கு 1080பி தெளிவும் நொடிக்கு 60 பிரேமும் போதும். தொடுதிரை நீரில் வேலை செய்யாது. எல்லாவற்றையும் படகிலேயே அமைத்துவிட்டு இறங்குங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. பயிற்சிக்கான முக்குளிப்புகளில் கேமராவைப் பயிற்சியாளர்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் காற்று அளவுமானியைப் பார்க்க மறக்கிறார். கை அசையாமல் இருக்கவேண்டுமென்று தன்னையறியாமல் மூச்சை அடக்குகிறார். அழுத்தக் காற்றைச் சுவாசிப்பவர் நிறைந்த நுரையீரலோடு மூச்சை அடக்கிக்கொண்டு ஓரிரு மீட்டர் மேலெழுந்தாலே நுரையீரல் காயமடையக்கூடும். மிதவைக் கட்டுப்பாடு கைவராதவர் படத்துக்காகப் பவளத்தைப் பிடித்துக்கொள்வதும் துடுப்பால் உடைப்பதும் எனக்கு மிகுந்த வேதனை தரும் காட்சிகள். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் பாறைப்பவளம் அது. பவளங்கள் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றிருப்பவை என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். எதையும் தொடாமல், கைகளை அசைக்காமல், ஒரே ஆழத்தில் ஒரு நிமிடம் மிதந்து நிற்க முடிகிறது என்று உங்கள் பயிற்சியாளரே சொன்ன பிறகு கேமராவைக் கையில் எடுங்கள்.

எனவே தொகையை இப்படிப் பிரித்துச் செலவிடுங்கள்: உறையுடன் கூடிய ஆக்‌ஷன் கேமராவுக்குப் பாதிக்குச் சற்று மேல், மீதியில் ஒரு நல்ல டார்ச், ஒரு கூடுதல் ஓ-ரிங், மிதவை ஜாக்கெட்டின் வளையத்தில் மாட்டக்கூடிய சுருள் கயிறு. கடையில் கேமராவோடு தரப்படும் மிதக்கும் மணிக்கட்டுப் பட்டை ஸ்நார்கலிங்குக்கு உரியது. ஸ்கூபாவில் அது கையை ஓயாமல் மேலே இழுத்துக்கொண்டிருக்கும், கழன்றால் கேமராவை நேராக மேற்பரப்புக்குக் கொண்டுபோய்விடும். ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும் மூடிய உறையை அரை மணி நேரமாவது நன்னீரில் ஊறவைத்து, பொத்தான்களை நீருக்குள்ளேயே பலமுறை அழுத்தி உப்பை வெளியேற்றி, நன்கு துடைத்து உலர்ந்த பிறகே திறவுங்கள்.