மூன்றாவது முயற்சி வேண்டாம், அந்தப் படங்களைப் பாருங்கள்

போன வாரம் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்த குடும்பத்தில் அப்பா பேசினார், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், மகள் வாயே திறக்கவில்லை. மருத்துவ நுழைவுத் தேர்வு இரண்டு முறை கைகொடுக்கவில்லை. மூன்றாவது முறையும் எழுதியே ஆக வேண்டும் என்கிறார் பெரியப்பா. நானும் வழக்கம்போல நாலு ஆறுதல் வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பெண் போனை நீட்டினாள். ரோஜாச் செடியின் அடித்தண்டில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கழலை. வாரத்துக்கு ஒன்றாக 11 படங்கள், ஒவ்வொன்றிலும் பக்கத்தில் அளவுகோல். "இதுவும் புற்றுநோய் மாதிரிதானே சார்?" என்று கேட்டாள்.

அதற்குமேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது முயற்சி வேண்டாம், செடிகளில் மரபணு மாற்றும் துறைக்கு அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். அன்று அவள் அப்பாவிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த மாதிரிக் கழலையை உண்டாக்குவது ஆக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா. 1907இல் ஸ்மித், டவுன்செண்ட் இருவரும் அதை அடையாளம் காட்டினார்கள். காயம்பட்ட செடியில் கசியும் பீனால் வகை வேதிப்பொருள்களை உணர்ந்து அது நெருங்கி வரும். தன்னிடமுள்ள டிஎன்ஏவில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் அனுப்பும். அந்தத் துண்டு செடியின் மரபணுத் தொகுதியோடு ஒட்டிக்கொள்ளும். 1977இல் மேரி-டெல் சில்டன் குழுவினர் இதை நிரூபித்தார்கள். கழலையை உண்டாக்கும் மரபணுக்களை நீக்கி, அந்த இடத்தில் நமக்கு வேண்டியதை வைத்தால், அதையும் பாக்டீரியா கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டதற்காகத்தான் சில்டனும் மார்க் வான் மான்டேகுவும் ராபர்ட் ஃப்ரேலியும் 2013இல் உலக உணவுப் பரிசு பெற்றார்கள்.

புகையிலை இதற்குச் சுலபமாக இணங்கும். பீன்ஸ் லேசில் இணங்காது. பிரேசிலில் 2011இல் அனுமதி பெற்ற, பொன்மஞ்சள் தேமல் வைரஸைத் தாங்கும் பீன்ஸில் மரபணுவைச் செலுத்தியது பாக்டீரியா அல்ல, மரபணு பூசிய நுண்ணிய உலோகத் துகள்களைச் செல்லுக்குள் சுடும் நுண்துகள் துப்பாக்கி. பீன்ஸின் உறவான தட்டைப்பயற்றில் பாக்டீரியா வழி பலித்தது. காய்த்துளைப்பான் புழுவைத் தாங்கும் அந்த ரகத்துக்கு 2019இல் நைஜீரியா அனுமதி கொடுத்தது. இத்தனைக்குப் பிறகும் பீன்ஸ் இன்னும் முரண்டு பிடிக்கிறது. அதனால்தான் பொறுமையுள்ள கைகளுக்கு இங்கே வேலை இருக்கிறது என்கிறேன்.

அந்த வேலை எப்படி இருக்கும்? விதையைக் கிருமிநீக்கி ஊறவைத்து, உள்ளே இருக்கும் கருமுளையை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். நுனிக்கத்தியால் மெல்லக் கீறி, பாக்டீரியாக் கரைசலில் முக்கி, இரண்டு மூன்று நாள் சேர்த்து வளர்க்க வேண்டும். வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் டிஎன்ஏ போய்ச் சேர்வது குறைந்துவிடும். அப்புறம் மருந்து போட்டுப் பாக்டீரியாவைக் கொல்ல வேண்டும். சரியாகக் கொல்லாவிட்டால் ஒருநாள் காலையில் துண்டைச் சுற்றிக் கொழகொழவென்று வெள்ளை வளையம் கட்டியிருக்கும். அந்த வளர்ப்புத் தட்டு போச்சு. சில துண்டுகள் காயத்திலேயே கறுத்துச் சாகும். தப்பித் துளிர்விட்ட தண்டிலும் ஒரு பகுதி மாறியிருக்கும், மறு பகுதி மாறியிருக்காது. விதை எடுத்து, அடுத்த தலைமுறையையும் சோதித்த பிறகுதான் வெற்றி என்று சொல்ல முடியும். மாதக்கணக்கில் ஆகும். யாரும் சொல்லாமலே 11 வாரம் ஒரு கழலையை அளந்தவளுக்கு இது பாரமாக இருக்காது.

சம்பளத்தைப் பற்றி அப்பா கேட்டார், கேட்க வேண்டியதுதான். தொடக்கத்தில் மருத்துவருக்குக் கிடைப்பது கிடைக்காது. இளநிலையோடு நிற்கவும் முடியாது. முதுநிலை கட்டாயம், ஆராய்ச்சியில் நிலைக்க முனைவர் பட்டமும் வேண்டும். ஆனால் செடித் துண்டுகளை இப்படி வளர்க்கும் திசு வளர்ப்புக் கூடம், விதை நிறுவனம், பயிர் ஆராய்ச்சி நிலையம், மரபணு மாற்றுப் பயிர்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமைப்பு எல்லாவற்றுக்கும் கத்தி பிடிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'மரபணுப் பொறியியல்' என்று பெரிய பெயர் வைத்த படிப்புக்காகக் கடன் வாங்காதீர்கள். சாதாரணத் தாவரவியலோ வேளாண்மையோ போதும். கல்லூரிக்குப் போனால் கட்டடத்தைப் பார்க்காமல் திசு வளர்ப்பு அறையைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள். கிருமியில்லாக் காற்று மேசையில் மாணவர்கள் தாங்களே வேலை செய்கிறார்களா, இல்லை ஆசிரியர் செய்வதை நின்று பார்க்கிறார்களா என்று கேளுங்கள். நின்று பார்க்கிறார்கள் என்றால் வேறு கல்லூரி தேடுங்கள்.

பயிற்சி மையத்துக்குக் கட்ட எடுத்துவைத்த பணத்தைக் கட்டாதீர்கள். மகளிடம் மறுபடி "யோசித்துச் சொல்" என்றும் கேட்காதீர்கள். அவள் 11 வாரமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பெரியப்பாவிடம் பேசத் தயக்கமாக இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன்.