"மகள் லெக்சரர் ஆகணும் என்கிறாள், சேர்த்துவிடலாமா?": ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா. மகள் எம்.காம். இறுதியாண்டு, பக்கத்து ஊர் தனியார் கல்லூரி மாதம் 14 ஆயிரத்துக்கு இப்போதே வரச் சொல்கிறது, விட்டால் கை நழுவிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நழுவாது. இந்த மாதிரி வேலை அடுத்த ஜூனிலும் காலியாகத்தான் இருக்கும். ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறையும்.

நம் ஊர் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். காலை ஷிப்டில் பாடம் நடத்துபவருக்கு அரசுச் சம்பளம். உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700 ரூபாய். மதியம் அதே வகுப்பறையில், அதே பி.காம். பாடத்தைச் சுயநிதிப் பிரிவில் நடத்துபவருக்கு நிர்வாகம் தருவதுதான் சம்பளம். பல இடங்களில் அது காலை ஷிப்டுக்காரர் வாங்குவதில் கால் பங்குகூட வராது. சுயநிதிப் பிரிவுக்கு வருமானம் மாணவர் கட்டும் ஃபீஸ் மட்டும். பெரிய செலவு ஆசிரியர் சம்பளம். கை வைப்பது அதில்தான். ஆட்கள் நிற்பதில்லை, ஒவ்வொரு ஜூனிலும் புது முகம் தேடுகிறார்கள். சில பொறியியல் கல்லூரிகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகளின் கணக்கில் காட்டியது 2024-இல் வெளியே வந்ததே, செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

அரசுக் கல்லூரியிலும் நிலைமை சுகமில்லை. நிரந்தர நியமனம் வருஷக்கணக்காக இழுத்ததால் கௌரவ விரிவுரையாளர்கள் என்ற தற்காலிக ஆசிரியர்களை வைத்தே வண்டி ஓடுகிறது. அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று 2019-இல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, சொன்னது. இங்கே பல ஆண்டுகள் அதில் பாதியைத் தாண்டவில்லை. அதே 2019-இல் டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களை அறிவித்தது. அது முடியவே இல்லை. 2024 மார்ச்சில் 4,000 இடம் என்று அறிவிப்பு வந்தது. அந்த ஆகஸ்டில் நடக்கவேண்டிய தேர்வும் தள்ளிப்போனது. ஒன்று மட்டும் ஆறுதல்: அந்த அறிவிப்பில் வயது வரம்பு 57. அதாவது உங்கள் மகளுக்கு அவசரமே இல்லை. ஆனால் அனுபவமுள்ள பெரிய கூட்டத்தோடு அவள் மோதவேண்டும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அதனால் என் யோசனை, முதலில் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு. பிஎச்.டி. அப்புறம். 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் பதவிக்கு பிஎச்.டி. கட்டாயமில்லை, நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் போதும். செட் நம் மாநிலத்துக்குள் மட்டும் செல்லும். நெட் நாடு முழுக்க, ஆயுள் முழுக்க. இறுதியாண்டில் இருக்கும்போதே எழுதலாம். வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. வணிகவியல் மாணவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது எல்லோருக்கும் பொதுவான முதல் தாளில். அதற்கு 100 மதிப்பெண், லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நெட்டில் நல்ல மதிப்பெண் எடுப்பவர்களுக்குத் தரும் ஜேஆர்எஃப் எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டால் பிஎச்.டி. செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய் வரும். பெண்களுக்கு அதற்கு 35 வயது வரை தகுதி உண்டு. உதவித்தொகை இல்லாமல், கைக்காசு போட்டு ஐந்தாறு வருஷம் பிஎச்.டி. செய்வதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பிஎச்.டி. முடித்தவர்கள் அதிகமிருந்தால் கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு தரும் நாக் ஆய்வில் கல்லூரிக்கு நல்லது. ஆனால் அந்தப் பட்டத்துக்கு ஏற்ற சம்பளம் கிடைக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை.

சரி, நெட் படிக்கும் காலத்தில் அந்த 14 ஆயிரம் வேலை? சேரலாம், ஆனால் கேட்டுவிட்டுச் சேருங்கள். மே மாதம் சம்பளம் உண்டா, பி.எஃப். பிடிக்கிறார்களா, எழுத்தில் நியமன ஆணை தருவார்களா என்று கேட்பது முதல் வேலை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு என்றும் கேளுங்கள். யுஜிசி கணக்கு 16 மணி நேரம். கோடையில் ஊர் ஊராகப் போய் மாணவர் பிடித்துவர வேண்டுமா, இத்தனை பேர் என்று இலக்கு வைப்பார்களா என்பதைக் கூச்சப்படாமல் விசாரிக்க வேண்டும். அலுவலகத்தில் சொல்லமாட்டார்கள், அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் கேளுங்கள். அசல் சான்றிதழை மட்டும் ஒப்படைக்கவே கூடாது. கேட்டால் காட்டிவிட்டு நகல் கொடுத்தால் போதும். அசலைக் கொடுத்துவிட்டால் நல்ல இடம் கிடைக்கும்போது விலக முடியாமல் மாட்டிக்கொள்வாள்.

உதவிபெறும் கல்லூரியில் நிரந்தர இடம் வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்டு யாராவது வருவார்கள். நிலத்தை விற்றுக் கொடுக்காதீர்கள். நியமனத்துக்கு அரசு ஒப்புதல் வராமல் இழுத்தடித்தால் அதுவரை சம்பளமும் இல்லை, கொடுத்த பணத்துக்கு ரசீதும் இல்லை. இரண்டு வருஷம் முயன்றும் நெட் வரவில்லை என்றால் பி.எட். முடித்து மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதட்டும். அங்கே தொடக்க அடிப்படை ஊதியம் 36,900, பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதே கணக்குப்பதிவியல்தான் நடத்தப்போகிறாள்.