எந்த டிகிரி சுலபம் என்று கேட்காதீர்கள்

உங்கள் கேள்வி ஒரே வரிதான்: லேசான அறிவுசார் குறைபாடு உள்ள 17 வயது மகனுக்கு எந்த டிகிரி சுலபம்? பெரியப்பா பி.காம். என்கிறார், அத்தை கம்ப்யூட்டர் கோர்ஸ் என்கிறார். 'பேருக்குப் பின்னால் ஒரு பட்டமாவது இருக்கட்டும்' என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சொல்கிறார்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால், அவனுக்குச் சுலபமான டிகிரி என்று எதுவும் இல்லை.

எழுத்தைப் படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் டிஸ்லெக்ஸியா மட்டும் உள்ள பிள்ளையிடம் இப்படிச் சொல்லமாட்டேன். கூடுதல் நேரமும், அவன் சொல்வதை எழுத ஒருவரும் கிடைத்தால் அவன் எதையும் படிக்கலாம். உங்கள் மகன் பத்தாம் வகுப்பையே மனப்பாடத்தில் தள்ளிக்கொண்டு வந்தவன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடம் புரியாத வகுப்பில் உட்கார்ந்து, வேறொருவர் விடை சொல்லித் தேறினால் 21 வயதில் கையில் சான்றிதழ் இருக்கும், வேலைப் பழக்கம் இருக்காது. கற்றுக்கொள்ள நல்ல வயதும் அதற்குள் போயிருக்கும். அதற்குக் கடன் வாங்காதீர்கள், வைப்புநிதியை உடைக்காதீர்கள். அது உங்களுக்குப் பிறகு அவன் வாழவேண்டிய பணம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

மாமா கடையில் சும்மா உட்காரட்டும் என்ற யோசனையும் வேண்டாம். யாரும் எதிர்பார்க்காத இடத்தில் உட்காருகிறவன் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

பலரும் எட்டிப்பார்க்காத வழி ஒன்று உண்டு. பயிற்சி மையத்தில் வருடக்கணக்காகத் தயார்செய்துவிட்டு வேலை தேடுவதில்லை; நிஜமான வேலையிடத்தில் முதலில் சேர்த்து, பக்கத்தில் ஒரு பயிற்றுநரை நிறுத்தி, அங்கேயே கற்றுக்கொடுப்பது. காரணம் எளிது. இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குத் தாமாக எடுத்துப்போக மாட்டார்கள். மையத்து மேஜையில் அழகாகத் துண்டு மடிப்பவன், சலவைக்கூடத்தில் மேஜை உயரம் மாறினாலே நின்றுவிடுவான். அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 1996ல் தொடங்கிய ப்ராஜெக்ட் சர்ச் திட்டம் இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. மாணவர்கள் ஒரு கல்வியாண்டு முழுவதும் வேலையிடத்திலேயே இருந்து, சுமார் பத்து வாரத்துக்கு ஒன்றாக மூன்று பிரிவுகளில் பழகுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி வந்தது: அலமாரியில் புட்டிகளின் லேபிள் எல்லாம் முன்பக்கம் பார்க்கும்படி அவனே திருப்பிவைப்பான், யாராவது கலைத்தால் கோபம் வரும் என்று. பி.காமைவிட எனக்கு அந்த வரிதான் முக்கியம். பொருள் அடுக்கும் வேலையை முதலில் முயன்று பாருங்கள். மருந்துக் கிடங்கு, நூலகம், பெரிய கடையின் பின்னறை, எதுவானாலும் சரி. சொல்வதற்கு ஒரே மேற்பார்வையாளர் இருக்கவேண்டும். போய்வர ஒரே பஸ் இருக்கவேண்டும்.

அடுக்குவதை 'பழசு முன்னால், புதுசு பின்னால்' என்று நாம் ஒரே வேலையாகச் சொல்லிவிடுவோம். அவனுக்கு அது பத்துப் பன்னிரண்டு வேலை. பெட்டியைத் திறப்பது, ஒன்றை எடுப்பது, காலாவதித் தேதி இருக்கும் பக்கத்தைத் தேடுவது, அலமாரியில் இருப்பதன் தேதியைப் பார்ப்பது, இரண்டையும் ஒப்பிடுவது, பழசை முன்னால் இழுப்பது, புதுசைப் பின்னால் வைப்பது, லேபிளைத் திருப்புவது, காலிப் பெட்டியை மடிப்பது என்று போகும். பெரும்பாலும் சிக்குவது ஒப்பிடும் இடத்தில். 03/27, 11/26 இரண்டையும் காட்டினால், 3 சின்னது என்று 03/27ஐ முன்னால் வைத்துவிடுவான். இதைத் திட்டித் திருத்தமுடியாது. மாதத்தை விரலால் மறைத்து வருடத்தை முதலில் படிக்கப் பழக்குங்கள். அதுவும் வரவில்லையென்றால், சரக்கு இறங்கும்போதே காலாண்டுக்கு ஒரு நிறப்பொட்டு ஒட்டி, நிறங்களின் வரிசையைச் சுவரில் மாட்டிவிடலாம். நிறக்குருடு இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொடுக்கும்போது வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம். ஐந்து வினாடி காத்திருங்கள். பிறகு விரலால் சுட்டுங்கள். அதற்கும் நகராவிட்டால் மட்டும் கையைப் பிடித்துச் செய்யவையுங்கள். எந்தப் படியைத் தனியாகச் செய்தான், எதற்குச் சைகை, எதற்குக் கை என்று தினமும் குறித்துவையுங்கள். ஒரே படியில் மூன்று நாள் நின்றால் அந்தப் படி பெரிதாக இருக்கிறது, இரண்டாகப் பிரியுங்கள். மார்க் கோல்ட் என்ற அமெரிக்கர் 1970களில், எதற்கும் ஆகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு சைக்கிள் பிரேக்கின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டக் கற்றுக்கொடுத்ததும் இப்படி வேலையைச் சிறு படிகளாகப் பிரித்துத்தான்.

ஆரம்பத்தில் வாரம் மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் போதும். பயிற்றுநர் முதல் வாரம் பக்கத்தில் நிற்பார், அடுத்து கைக்கெட்டும் தூரத்தில், பிறகு அறையின் அந்தக் கோடியில், பிறகு நாளுக்கொரு முறை எட்டிப்பார்ப்பார். விலகத் தெரியாத பயிற்றுநர் ஆபத்து. முதலாளி கண்ணில் ஒரு வேலைக்கு இரண்டு ஆள் தேவை என்று பட்டுவிடும். அவர் விலகுவதற்குள் கூட வேலைபார்க்கும் ஒருவரிடம் சொல்லிவையுங்கள், இடைவேளை முடிந்ததும் 'வாப்பா' என்று கூப்பிடும் அளவுக்கு. வேலை போவது பெரும்பாலும் வேலை தெரியாததால் இல்லை. இடைவேளைக்குப் போனவன் திரும்பாதது, அடுத்தவர் போனை எடுப்பது, பிரியத்தில் கட்டிப்பிடிப்பது, இவற்றால்தான். மணிக்கொரு தரம் அம்மா போன் அடிப்பதும் இந்தப் பட்டியலில் உண்டு.

பஸ் பயணத்தைத் தனியாகக் கற்றுக்கொடுங்கள். சரியாகப் போய்வருவது பாதிதான். நிறுத்தம் தவறினால் என்ன செய்வது என்பதையும் ஒத்திகை பாருங்கள். வேண்டுமென்றே அடுத்த நிறுத்தத்தில் இறங்கவிட்டு, நீங்கள் நாலடி பின்னால் நில்லுங்கள்.

சம்பளமில்லாத பழகுகாலத்துக்கு முடிவுத் தேதி எழுத்தில் வேண்டும், ஆறு வாரம் என்றால் ஆறு வாரம். 'அனுபவம் கிடைக்கிறதே' என்று இழுக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சம்பளம் அவன் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போகட்டும்.

கிடங்கில் போய் முகம் வாடுகிறான், காலையில் சட்டை போட மறுக்கிறான் என்றால் அதுவும் பதில்தான். சத்தமா, தனிமையா, மேற்பார்வையாளரின் குரலா என்று பாருங்கள். அதை மாற்றியும் சரியாகவில்லையென்றால் அடுத்த இடம். பெரியப்பாவுக்குப் பிடிக்கிறதா என்பது இதில் வராது.

இந்த வாரம் வீட்டிலேயே பத்துப் புட்டியில் தேதி எழுதி ஒட்டி அவனை அடுக்கச் சொல்லுங்கள், எந்தப் படியில் கை தயங்குகிறது என்று எழுதுங்கள். அடுத்த முறை எழுதும்போது அந்தத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். கல்லூரி விண்ணப்பம் வேண்டாம்.