ஏசி சில்லர் மெஷினை மாத்தறதுக்கு முன்னாடி ராத்திரி ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க

கேள்வி: சார், பெங்களூரு வைட்ஃபீல்டுல ஆறு மாடி ஆபீஸ் பில்டிங்ல ஃபெசிலிட்டி சூப்பர்வைசரா இருக்கேன். வெள்ளிக்கிழமை ஆனா பாதி சீட் காலி, ஆனா ஏசி கரண்ட் மட்டும் குறையவே மாட்டேங்குது. சில்லர் (ஏசிக்குத் தண்ணியைக் குளிர வைக்கற மெஷின்) பழசு, மாத்திடுங்கன்னு சர்வீஸ்காரங்க சொல்றாங்க. ஓனர்கிட்ட என்ன சொல்றது?

பதில்: தம்பி, இப்போதைக்கு எதையும் மாத்தச் சொல்லாதீங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒவ்வொரு மாடி ஏஎச்யூ (காத்தைக் குளிர வச்சு ஊதற ஃபேன் மெஷின்) ரூமுக்கும் நீங்களே போய் நில்லுங்க. என்னைக்கோ யாரோ புழுக்கமா இருக்குன்னு கம்ப்ளெயின்ட் பண்ணியிருப்பாங்க, டெக்னீஷியன் ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கற விஎஃப்டியை ஆட்டோல இருந்து ஹேண்டுக்கு (கையால செட் பண்ற மோடுக்கு) திருப்பிட்டு அப்படியே மறந்து போயிருப்பாரு, அன்னையிலிருந்து அந்த ஃபேன் ராப்பகலா 50 ஹெர்ட்ஸ்ல, அதாவது முழு வேகத்துல, ஓடிட்டே இருக்கும். ஃபேன் வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கினாலே கரண்ட் கிட்டத்தட்ட பாதியாயிடும், அதனால இதைத்தான் முதல்ல பாக்கச் சொல்றேன்.

அடுத்தது, காத்தைக் குளிர வைக்கற காயிலுக்குள்ள ஜில் தண்ணியை விடற வால்வு. கோரமங்கலாவுல ஒரு பில்டிங்ல பிஎம்எஸ் (பில்டிங்கைக் கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) ஸ்க்ரீன்ல வால்வு 0 சதவீதம், அதாவது முழுசா மூடியிருக்குன்னு காட்டுது, காயில் பைப்பைத் தொட்டா ஜில்லுனு வேர்த்து கிடக்கு. ஆக்சுவேட்டர் (வால்வைத் திருப்பற மோட்டார்) என்னமோ ஒழுங்காத்தான் சுத்துது, ஆனா கிளாம்ப் ஸ்க்ரூ லூசு, உள்ள வால்வு தண்டு அசையவே இல்ல. ஒரு ஆலன் கீ போதுமா இருந்துச்சு! நீங்க செக் பண்றப்போ வால்வை மூடிட்டு ஃபேனை ஓடவிட்டு, அரை மணி நேரம் கழிச்சு காயிலுக்கு முன்னாடியும் பின்னாடியும் காத்தோட சூட்டை அளந்து பாருங்க, பின்னாடி மூணு நாலு டிகிரி கம்மியா இருந்தா தண்ணி கசிஞ்சு உள்ள போகுதுன்னு அர்த்தம். 7 டிகிரில போற தண்ணி 12ல திரும்பி வரணும், 9லயே வந்தா அதே குளிர்ச்சிக்கு ரெண்டரை மடங்கு தண்ணியை பம்ப் தள்ள வேண்டியிருக்கும், பழி மட்டும் சில்லர் மேல விழும்.

வெளிக்காத்தை உள்ள விடற தகடு கதவு, அதான் ஃப்ரெஷ் ஏர் டாம்பர், அதையும் விட்டுடாதீங்க. நம்ம ஊர்ல டிசம்பர் சாயங்காலம் வெளிக்காத்தே ஜில்லுனு இருக்கு, டாம்பர் துருப்பிடிச்சு மூடிக்கிடந்தா அந்த இலவச குளிர்ச்சி போச்சு. ரூம்ல இருந்து திரும்பி வர்ற காத்தோட சூட்டை அளக்கற ரிட்டர்ன் ஏர் சென்சார் பக்கத்துலயும் ஒரு நல்ல தெர்மாமீட்டரை வச்சுப் பாருங்க, சென்சார் ரெண்டு டிகிரி கூட்டிச் சொன்னாலும் ரூம் தேவையில்லாம குளிரும்.

பிஎம்எஸ்ல கால் மணிக்கு ஒரு ரீடிங்னு ஒரு வாரத்துக்கு ட்ரெண்ட் எடுத்து வைங்க. இதையெல்லாம் சரி பண்ணிட்டு இன்னொரு வாரம் எடுங்க, ரெண்டு கிராஃபையும் பக்கத்துல பக்கத்துல ஓனர் டேபிள்ல வைங்க. அப்பவும் ஒரு டன் குளிர்ச்சிக்கு சில்லர் இழுக்கற கிலோவாட் அதிகமாவே இருந்தா, அப்போ புது சில்லர் பத்திப் பேசலாம்.